கொழும்பில் இலத்திரனியல் வானோக்கலுக்கு மவுண்ட் தெரிவு செய்வது எப்படி?

தொலைகாட்டியில் கண்வில்லை இருக்கும் இடத்தில் ஒரு சிறிய கமராவைப் பொருத்தி, சில செக்கன்கள் மட்டுமே நீளும் படங்களைத் தொடர்ந்து எடுத்து, அவற்றைக் கணினி உடனுக்குடன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போக, திரையில் ஒரு நெபுலாவோ விண்மீன் கொத்தோ நிமிடத்துக்கு நிமிடம் தெளிந்து வருவதைப் பார்ப்பதே இலத்திரனியல் உதவியுடனான வானியல் ஆகும். ஆர்வலர்கள் இதனை ஈஏஏ என்று சுருக்கி அழைப்பர். வீதி விளக்குகளும் கட்டட வெளிச்சமும் வானத்தை மங்கலாக்கிவிட்ட கொழும்பில், சந்திரனையும் கோள்களையும் தாண்டி எதையாவது பார்க்க விரும்புவோருக்கு இதைவிடப் பலன் தரும் வழி வேறில்லை என்றே சொல்லலாம்.

இதில் இறங்குவோர் பெரும்பாலும் தொலைகாட்டிக் குழாயை முதலில் வாங்கி, கமராவை அடுத்து வாங்கி, கையில் மிஞ்சிய பணத்தில் மவுண்டைத் தேடுகின்றனர். அந்த வரிசை தலைகீழானது. குழாயைத் தாங்கி, விண்மீன்களின் ஓட்டத்தோடு அதனைத் திருப்பிச் செல்லும் மவுண்ட் சரியில்லையெனில் எவ்வளவு நல்ல வில்லையும் கோடுகளைத்தான் காட்டும். ஆயினும் “மவுண்டுக்கே அதிகம் செலவழியுங்கள்” என்ற பொதுவான அறிவுரையையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். அது பல நிமிடங்கள் நீளும் படங்களை எடுக்கும் வானியல் ஒளிப்படக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது. கொழும்பிலிருந்து ஈஏஏ தொடங்கும் ஒருவருக்கு, எடை குறைந்த, தானாக இலக்கைத் தேடிச் செல்லும் அல்ட்-அஸ் (கிடையாகவும் மேலும் கீழுமாகவும் திரும்பும்) மவுண்டே பொருத்தமான முதல் மவுண்ட் என்பதே என் முடிவு. அதற்கான காரணங்கள் நகரத்தின் வானத்திலும் அது அமைந்துள்ள அகலக்கோட்டிலும் இருக்கின்றன.

மவுண்டிடம் எவ்வளவு எதிர்பார்க்க வேண்டும்

பூமியின் சுழற்சியால் வானம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 15 வில்செக்கன் (ஒரு வில்செக்கன் என்பது பாகையின் 3600இல் ஒரு பங்கு) வேகத்தில் நகர்கிறது. உங்கள் கமராவின் ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு அகலத்தை அடக்குகிறது என்பதை அறிய, பிக்சலின் அளவை மைக்ரோமீற்றரில் எடுத்து 206 ஆல் பெருக்கி, தொலைகாட்டியின் குவியத்தூரத்தால் (மில்லிமீற்றரில்) வகுத்தால் போதும். 2.9 மைக்ரோமீற்றர் பிக்சல் கொண்ட கமராவை 400 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள சிறிய முறிவுத் தொலைகாட்டியில் பொருத்தினால் ஒரு பிக்சலுக்கு 1.5 வில்செக்கன் கிடைக்கும். அதாவது, மோட்டர் இல்லாத மவுண்டில் ஒரே செக்கனில் விண்மீன் பத்துப் பிக்சல் தூரம் ஓடிவிடும். ஆகவே கையால் தள்ளும் மவுண்டுகள் இந்த வேலைக்குத் தொடக்கத்திலேயே விலக்கப்பட வேண்டியவை. அவற்றில் சந்திரனைப் படமெடுக்கலாம், அதோடு சரி.

அதே கமராவை 8 அங்குல ஷ்மிட்-கசக்ரெய்ன் தொலைகாட்டியில், அதன் 2032 மில்லிமீற்றர் குவியத்தூரத்திலேயே பொருத்தினால் ஒரு பிக்சலுக்கு 0.3 வில்செக்கனுக்கும் குறைவாகவே வரும். இப்போது மவுண்ட் செய்யும் ஒரு சிறு பிழை ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும். எனவே மவுண்டின் தரத்தை உயர்த்துவதைவிடக் குவியத்தூரத்தைக் குறைப்பது மலிவான தீர்வு. முதல் ஆண்டில் 250 முதல் 650 மில்லிமீற்றர் வரையிலான குவியத்தூரத்துக்குள் இருந்துகொண்டால், மவுண்ட் பற்றிய கவலையில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

அடுத்து, ஒரு படம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்ற கேள்வி வருகிறது. ஒவ்வொரு படத்தையும் வாசிக்கும்போது கமரா தன் பங்குக்குச் சிறிதளவு இரைச்சலைச் சேர்க்கிறது. இருண்ட வானத்தின் கீழ் இந்த இரைச்சலை அடக்க நீண்ட நேரப் படங்கள் தேவைப்படும். கொழும்பிலோ வானத்தின் வெளிச்சமே சில செக்கன்களுக்குள் அந்த இரைச்சலை மூழ்கடித்துவிடுகிறது. இன்றைய சீமொஸ் கமராக்களில் வாசிப்பு இரைச்சல் மிகக் குறைவு என்பதால், 60 செக்கன் படங்கள் பத்தை அடுக்குவதற்கும் 10 செக்கன் படங்கள் அறுபதை அடுக்குவதற்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இந்த நகரத்தில் அதிகம் இராது. ஒளி மாசு நமக்குச் செய்யும் ஒரே உபகாரம் இதுதான்: நீண்ட நேரம் துல்லியமாகத் தொடரும் விலையுயர்ந்த மவுண்டை வாங்கவேண்டிய அவசியத்தை அது நீக்கிவிடுகிறது. மவுண்டிடம் நாம் கேட்பதெல்லாம் 5 முதல் 15 செக்கன் வரை விண்மீனைப் புள்ளியாக வைத்திருப்பது மட்டுமே.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நெபுலாக்களின் ஹைதரசன், ஒட்சிசன் ஒளியை மட்டும் அனுமதிக்கும் இரட்டைப்பட்டை வடிகட்டியைப் பொருத்தினால் வான வெளிச்சம் பெருமளவு வெட்டப்படுகிறது. அப்போது 20, 30 செக்கன் படங்களுக்குப் பலன் உண்டு. அத்தகைய வடிகட்டியை வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் மவுண்ட் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

துருவ நட்சத்திரம் தெரியாத நகரம்

மவுண்டுகள் அடிப்படையில் இரண்டு வகைப்படும். அல்ட்-அஸ் மவுண்ட் கிடையாக ஒரு அச்சிலும் மேலும் கீழுமாக மற்றோர் அச்சிலும் திரும்பும். ஈக்குவடோரியல் மவுண்டின் ஓர் அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்குச் சமாந்தரமாக, வான துருவத்தை நோக்கி நிறுத்தப்படுகிறது. அந்த ஓர் அச்சு மட்டும் சீராகச் சுழன்றாலே விண்மீன்கள் அசையாமல் நிற்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்படும் வழிகாட்டிகள் இரண்டாவது வகையைத்தான் இயல்பாகப் பரிந்துரைக்கின்றன. அங்கே துருவ நட்சத்திரம் வானத்தில் நன்கு உயர்ந்து நிற்கிறது, முக்காலியை வைத்துவிட்டு அதனைக் குறிபார்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

கொழும்பின் அகலக்கோடு வடக்கு 6.9 பாகை. துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ அதே உயரத்திலேயே நிற்கிறது. அந்த உயரத்தில் கடற்காற்றின் ஈரப்புகாரும் நகர வெளிச்சமும் ஒன்றுசேர்ந்திருக்க, அதற்கு முன்னால் அடுத்த வீட்டுக் கூரையோ தென்னை மரமோ தொடர்மாடிக் கட்டடமோ நிற்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பல்கனியிலிருந்து அதனைக் காண்பது ஏறக்குறைய இயலாத காரியம். ஷார்ப்கேப் மென்பொருளில் உள்ள துருவச் சீரமைப்பு வசதிக்கும் துருவத்தைச் சூழ்ந்த சில பாகைப் பகுதி கமராவுக்குத் தெரிந்தாக வேண்டும். துருவத்தைப் பார்க்காமலேயே சீரமைக்கும் முறைகளும் உள்ளன. நீனா மென்பொருளின் மூன்று புள்ளி முறையும், ஏஎஸ்ஐஏர் கருவியில் உள்ள முழுவான முறையும் அத்தகையவை. ஆனால் முதல் மாதத்திலேயே இவற்றோடு மல்லுக்கட்டுவது ஆர்வத்தைக் கொல்லும்.

இயந்திர அமைப்பிலும் சிக்கல் இருக்கிறது. அகலக்கோடு 7 பாகையாக இருக்கும்போது துருவ அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கொள்கிறது. மவுண்டின் தலையும் குழாயும் எடைக்கட்டிகளும் முக்காலியின் நடுவில் நில்லாமல் வடக்குப் பக்கமாகத் தள்ளி நிற்க, எடைக்கட்டித் தண்டு கீழ்நோக்கி வரும்போது முக்காலியின் காலில் இடிக்க நேர்கிறது. முக்காலிக்கும் தலைக்கும் இடையே ஓர் உயர்த்தித் தூணைப் பொருத்தி, ஒரு காலைச் சரியாக வடக்கு நோக்கி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். சில மவுண்டுகளோ அவ்வளவு தாழ்ந்த அகலக்கோட்டுக்கு இறங்குவதே இல்லை. செலஸ்ட்ரோன் அட்வான்ஸ்ட் விஎக்ஸ் மவுண்டின் அகலக்கோட்டு எல்லை 7 முதல் 77 பாகை வரை என்று குறிப்பிடப்பட்டுள்ளது. கொழும்பு அதன் விளிம்பில் நிற்கிறது, காலியோ மாத்தறையோ எல்லைக்கு வெளியே போய்விடுகின்றன. எந்த ஈக்குவடோரியல் மவுண்டை வாங்கினாலும் விபரக்குறிப்பில் முதலில் பார்க்க வேண்டியது அது தாங்கும் எடையை அல்ல, இந்த எல்லையைத்தான். யாழ்ப்பாணத்திலேயே பயன்படுத்தப் போகிறவருக்குக்கூட 9.7 பாகைதான் கிடைக்கிறது என்பதால் அவரும் இதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சொன்னபின் நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஈஏஏக்குத் துருவச் சீரமைப்பு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. சீரமைப்பில் ஒரு பாகை பிழை இருந்தாலும், மிக மோசமான திசையில் விண்மீன் செக்கனுக்கு 0.26 வில்செக்கன் அளவுக்கே விலகும். 10 செக்கன் படத்தில் அது 2.6 வில்செக்கன், அதாவது முன்னர் சொன்ன சிறிய தொலைகாட்டியில் இரண்டு பிக்சலுக்கும் குறைவு. படங்களுக்கிடையே இலக்கு மெல்ல நகர்வதை அடுக்கும் மென்பொருளே சரிசெய்துவிடும். ஆகவே, ஏற்கெனவே ஒரு ஈக்குவடோரியல் மவுண்ட் கையில் இருப்பவர் திசைகாட்டியால் வடக்கைப் பிடித்து, கோண அளவை 7 பாகையில் வைத்துத் தொடங்கலாம். புதிதாக ஒன்று வாங்கத் தேவையில்லை. இரும்புக் கம்பி பொதிந்த கொங்கிறீற் தளத்தின் மேல் திசைகாட்டியும் கைபேசியும் காட்டும் வடக்கை நம்பக்கூடாது. வரைபடத்தில் உங்கள் கட்டடச் சுவரின் திசையை அளந்து, அதிலிருந்து வடக்கைக் குறித்துக்கொள்வது நல்லது.

புலச் சுழற்சியும் பல்கனியின் திசையும்

அல்ட்-அஸ் மவுண்டுக்கு எதிராகச் சொல்லப்படும் ஒரே வலுவான குற்றச்சாட்டு புலச் சுழற்சி ஆகும். மவுண்ட் இலக்கைச் சரியாக நடுவில் வைத்திருந்தாலும், அதனைச் சுற்றியுள்ள விண்மீன்கள் படச்சட்டத்துக்குள் மெதுவாகச் சுழலும். இரண்டு படங்களுக்கு இடையேயான சுழற்சியை ஷார்ப்கேப், ஏஎஸ்ஐ ஸ்டூடியோ, சிரில் போன்ற மென்பொருள்கள் அடுக்கும்போதே திருப்பிச் சரிசெய்துவிடுகின்றன; படத்தின் ஓரங்கள் சிறிது வெட்டப்படும், அவ்வளவுதான். ஒரே படத்துக்குள் நிகழும் சுழற்சியை மட்டும் எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. எனவே அதன் அளவை அறிந்திருப்பது அவசியம்.

மணிக்கு எத்தனை பாகை சுழலும் என்பது, 15ஐ இடத்தின் அகலக்கோட்டின் கோசைனால் பெருக்கி, இலக்கின் திசைகோளின் (வடக்கிலிருந்து கிடையாக அளக்கும் கோணத்தின்) கோசைனாலும் பெருக்கி, அதன் ஏற்றக்கோணத்தின் கோசைனால் வகுத்தால் கிடைக்கும். அகலக்கோட்டின் கோசைன் இலண்டனில் 0.62, கொழும்பில் 0.99. இதைப் பார்த்ததும் நமக்குப் பாதகம் என்றே தோன்றும். ஆனால் திசைகோளின் கோசைன் நேர்கிழக்கிலும் நேர்மேற்கிலும் பூச்சியம் ஆகிறது என்பதையும், மத்திய கோட்டுக்கு அருகில் வாழும் நமக்குப் பெரும்பாலான விண்மீன்கள் கிழக்கில் நேராக எழுந்து மேற்கில் நேராக இறங்குகின்றன என்பதையும் சேர்த்து நினைத்தால் கணக்கு மாறிவிடுகிறது.

ஒரியன் நெபுலாவை எடுத்துக்கொள்வோம். ஜனவரி நடுப்பகுதியில் மாலை ஏழரை மணியளவில் அது கிழக்கு வானில் 45 பாகையைச் சற்றுத் தாண்டி நிற்கும். 45 பாகை உயரத்தில் அதன் புலச் சுழற்சி மணிக்கு 5 பாகையளவே. 1936க்கு 1096 பிக்சல் கொண்ட உணரியின் மூலையில் இருக்கும் விண்மீன்கூட 10 செக்கன் படத்தில் பிக்சலின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நகரும். 30 செக்கன் படமெடுத்தாலும் ஒரு பிக்சலைத் தாண்டாது. அதே நெபுலா மூன்று மணித்தியாலம் கழித்து உச்சிக்கு ஏறி, தெற்கே 78 பாகையில் நிற்கும்போது சுழற்சி மணிக்கு 70 பாகையாகிவிடுகிறது. 10 செக்கனில் மூலை விண்மீன் ஏறத்தாழ நான்கு பிக்சல் இழுபடும். வானத்தில் இலக்கு உயர்ந்தால் நல்லது என்ற வழமையான அறிவுரை அல்ட்-அஸ் மவுண்டுக்குப் பொருந்தாது. உச்சிக்கு ஏறும் முன் பாருங்கள், அல்லது உச்சியைக் கடந்து இறங்கியபின் பாருங்கள். 70 பாகைக்கு மேல் போன இலக்கை விட்டுவிட்டு வேறொன்றுக்குத் திரும்புங்கள்.

இங்கேதான் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொடர்மாடிகளில் குடியிருப்போருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலைப் பார்த்த பல்கனிகள் மேற்கு நோக்கியவை. புலச் சுழற்சி மிகக் குறைந்த திசையும் அதுவே, நகர வெளிச்சம் ஓரளவு குறைந்த திசையும் அதுவே. மார்ச் நடுப்பகுதியில், வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும் நாட்களில், இரவு ஒன்பது மணிக்கு ஒரியன் நெபுலா அந்தப் பல்கனிகளுக்கு நேரே 47 பாகையளவு உயரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். கிழக்குப் பார்த்த பல்கனிக்கும் சுழற்சியைப் பொறுத்தவரை அதே நன்மை உண்டு, வெளிச்சம்தான் கூடுதல்.

தெற்கு நோக்கிய பல்கனி உள்ளவர் மனம் தளர வேண்டியதில்லை. ஐரோப்பியர் காணக் கிடைக்காத கரீனா நெபுலா நமக்குத் தெற்கே 23 பாகை வரையும், ஒமேகா சென்டாரி கொத்து 36 பாகை வரையும் உயர்கின்றன. தெற்குத் திசையில் சுழற்சி அதிகம் என்றாலும் ஏற்றக்கோணம் தாழ்ந்திருப்பதால் அது மணிக்கு 16 முதல் 18 பாகைக்குள் அடங்கிவிடும். 10 செக்கன் படத்தின் மூலையில் ஏறத்தாழ ஒரு பிக்சல். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வடக்கு நோக்கிய பல்கனிதான் உண்மையில் வறியது.

அல்ட்-அஸ் மவுண்டைச் சாய்தளத்தின் மேல் ஏற்றி ஈக்குவடோரியலாக மாற்றும் முறை ஒன்று உள்ளது. 7 பாகையில் அது ஏறக்குறைய மவுண்டைப் பக்கவாட்டில் படுக்க வைப்பதாகும். பாரம் ஒருபுறம் தொங்க, முக்காலி கவிழும் அபாயம் மிகும். கொழும்பில் இதை முயலவேண்டாம் என்பேன்.

எதை வாங்குவது

மூன்று கிலோகிராமுக்குள் அடங்கும் குழாயும் கமராவும் உள்ளவருக்கு ஸ்கைவாச்சர் ஏஇசட்-ஜிடிஐ போன்ற சிறிய மவுண்ட் போதும். 5 கிலோகிராம் தாங்கும் என்று சொல்லப்பட்டுள்ளது. வைபை வழியாகக் கைபேசிச் செயலியிலிருந்தும் மடிகணினியிலிருந்தும் இயக்கலாம். குறிப்பிடப்பட்ட எடையில் அறுபது, எழுபது சதவீதத்தைத் தாண்டாதீர்கள். 72 மில்லிமீற்றர் முறிவுத் தொலைகாட்டி இதில் நன்றாக உட்காரும். 130 மில்லிமீற்றர் நியூட்டோனியன் எடைக்கணக்கில் ஓரளவு பொருந்தினாலும், நீண்ட குழாய் கடற்காற்றைப் பாய்மரம்போல் பிடித்துக்கொள்ளும் என்பதால் திறந்த மொட்டை மாடிக்கு உகந்ததல்ல. ஷ்மிட்-கசக்ரெய்ன் 6 அங்குலக் குழாய் மட்டுமே 4.5 கிலோகிராம். அதனை இதில் ஏற்றுவோர் உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அத்தகைய குழாயை விரும்புவோருக்கு நெக்ஸ்டார் எஸ்ஈ வரிசையைப் போன்ற ஒற்றைக்கை மவுண்டுகள் குழாயோடு சேர்ந்தே கிடைக்கின்றன. இவற்றில் கமராவைப் பின்னால் பொருத்தியபின் குழாய் மேல்நோக்கி நிமிரும்போது கமரா அடித்தளத்தில் இடிக்கக்கூடும். இலக்குகள் உச்சி வழியாகச் செல்லும் நம் ஊரில் இது அடிக்கடி நேரும். மவுண்டின் கைக்கட்டுப்படுத்தியில் உள்ள ஏற்றக்கோண எல்லையை 70 அல்லது 75 பாகையில் பூட்டி வைத்தால் ஆபத்து நீங்கும். 0.63 மடங்கு குவியச் சுருக்கியையும் கணக்கில் சேருங்கள்; அது இல்லாமல் 6 அல்லது 8 அங்குலக் குழாயில் ஈஏஏ தொடங்குவது வீண் சிரமம்.

ஈக்குவடோரியல்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில், ஸ்டார் அட்வென்சரர் ஜிடிஐ போன்ற சிறியதை வாங்குவதை விளங்கிக்கொள்ள முடிகிறது. ஈகியூ6-ஆர் வகையை வாங்கி மூன்றாம் மாடிப் பல்கனிக்கு ஏற்றுவதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை: அதன் தலை மட்டும் 17 கிலோகிராம், எடைக்கட்டி ஒவ்வொன்றும் 5 கிலோகிராம்.

அண்மைய ஆண்டுகளில் வந்துள்ள ஹார்மோனிக் மவுண்டுகள் இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கின்றன. 2022 இல் வெளிவந்த இசட்டபிள்யூஓ ஏஎம்5 வெறும் 5 கிலோகிராம் எடையில், எடைக்கட்டி இல்லாமலே 13 கிலோகிராம் தாங்குகிறது. அல்ட்-அஸ் முறையிலும் ஈக்குவடோரியல் முறையிலும் இயங்குகிறது. இவற்றில் உள்ள ஹார்மோனிக் பற்சக்கரத்தின் இயல்பால், விண்மீனைத் தொடர்வதில் நேரும் பிழை சாதாரண மவுண்டுகளைவிட அதிகம் என்பதால் நீண்ட படங்களுக்கு அதைக் கண்டு திருத்தும் வழிகாட்டிக் கமரா கட்டாயம். ஐந்து, பத்து செக்கன் படங்களுக்கு அது இல்லாமலும் சமாளிக்கலாம். பணம் தடையில்லாதவருக்கு இதுவே நீண்டகாலத் தெரிவு. தொடக்கநிலையாளருக்கு இது அவசியம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

குழாய், கமரா, மவுண்ட், கணினி அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய சீஸ்டார் எஸ்50, டுவார்ஃப் 3 போன்ற கருவிகளையும் சொல்லாமல் விட முடியாது. சீஸ்டார் எஸ்50 இன் 50 மில்லிமீற்றர் வில்லை, 250 மில்லிமீற்றர் குவியத்தூரம், 10, 20, 30 செக்கன் படங்கள், உள்ளமைந்த அல்ட்-அஸ் மவுண்ட் ஆகியவை இதுவரை சொன்ன கணக்குகளோடு அப்படியே ஒத்துப்போகின்றன. மவுண்டைத் தெரிவு செய்வதிலும் வயர் இணைப்பதிலும் ஆர்வமில்லாமல் வானத்தை மட்டும் பார்க்க விரும்புவோர் அதை வாங்கிவிட்டுப் போகலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. பின்னாளில் குழாயை மாற்ற முடியாது என்பதை மட்டும் அறிந்து வாங்குங்கள்.

முக்காலி, மின்சாரம், உப்புக்காற்று

மவுண்டோடு வரும் மெல்லிய முக்காலியின் கால்களை முழுமையாக நீட்டாதீர்கள். கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போகும்போதும் காலி வீதியில் பாரமான வாகனங்கள் போகும்போதும் தொடர்மாடித் தளம் அதிர்வதைத் திரையில் காணலாம். கால்களுக்கு அடியில் தடித்த றப்பர் துண்டுகளை வைப்பது பயன் தரும். மீதியை மென்பொருளிடம் விடலாம்: விண்மீன்களின் பருமன் குறித்த அளவைத் தாண்டினால் அந்தப் படத்தை அடுக்காமல் தள்ளிவிடும் வடிகட்டி ஷார்ப்கேப்பில் உள்ளது. நீங்கள் முக்காலிக்கருகில் நடப்பதும் அதே அளவு கெடுதல் செய்யும் என்பதால், மடிகணினியை அறைக்குள் வைத்துக்கொண்டு இருங்கள். ஈஏஏயின் சுகமே அதுதானே.

12 வோல்ற்று மின்சாரம் தளர்ந்தால் மவுண்ட் திடீரென நின்றுவிடும், அல்லது இலக்கைத் தவறவிடும். அப்போது பழியை மோட்டரின்மேல் போடுவதற்கு முன் பற்றரியை அளந்து பாருங்கள். பல்கனியில் பயன்படுத்துவோருக்கு 230 வோல்ற்றிலிருந்து இறக்கும் தரமான அடெப்டர் போதும். வெளியிடங்களுக்கு லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி நல்லது. கொழும்பின் ஈரப்பதத்தில் வில்லையில் பனி படியாமல் தடுக்கும் சூடேற்றிப் பட்டி பெரும்பாலும் தேவைப்படும். அது மவுண்டைவிட அதிக மின்சாரம் இழுக்கக்கூடியது என்பதால் அதற்குத் தனி இணைப்புக் கொடுங்கள்.

கடலைப் பார்த்த பல்கனியில் மவுண்டை உறைபோட்டு மூடி வைத்துவிட்டுப் போவது கூடாது. உப்பும் ஈரமும் முதலில் தாக்குவது மின்செருகிகளையும் ஆணிகளையும்தான். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொதிகள் இட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பல வாரங்கள் அது பெட்டிக்குள்ளேயே இருக்கக்கூடும். அந்தக் காலத்தில் பொதிகளை மாற்றுவதோடு, மாதம் ஒருமுறையாவது இரண்டு அச்சுகளையும் மோட்டரால் சுழலவிடுவதும் நல்லது.

வாங்கும்போதும் முதல் இரவிலும்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கொண்டுவரச் சொல்வது நம்மவரின் வழமை. ஐந்து கிலோகிராம் மவுண்ட் பயணப்பொதியில் அடங்கும். எடைக்கட்டிகளை மட்டும் சுமக்கச் சொல்லாதீர்கள், தண்டின் விட்டத்தை அளந்து கொடுத்தால் அவற்றை இங்கே லேத் பட்டறையில் இரும்பில் கடைந்தெடுக்கலாம். லித்தியம் பற்றரியைக் கைப்பொதியில்தான் கொண்டுவர வேண்டும். வைபை வசதியுள்ள மவுண்டுகள் வானொலி அலைக் கருவிகளாகக் கருதப்படக்கூடும் என்பதால், தபாலில் வரவழைப்போர் சுங்க வரியோடு அனுமதி பற்றியும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

பாவித்த மவுண்டை வாங்குவதாயின் பகலில் பார்த்து வாங்காதீர்கள். மோட்டர் சுழல்கிறது என்பது எதற்கும் ஆதாரமல்ல. இரண்டு அச்சுகளையும் பூட்டியபின் கையால் மெல்ல அசைத்து, எவ்வளவு தளர்வு இருக்கிறது என்று பாருங்கள். மின்செருகிக்குள் பச்சை படிந்திருக்கிறதா என்று கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். குழாயைப் பிடிக்கும் தாடை, குழாயின் அடியில் உள்ள எந்த அளவிலான இணைப்புப் பட்டைக்கு உரியது, முக்காலியின் திருகாணி எந்த அளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதியதோ பழையதோ, முதல் தெளிந்த இரவில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முக்காலியை மட்டக்கருவி வைத்துச் சமப்படுத்தி, பல்கனியிலிருந்து தெரியும் பிரகாசமான இரண்டு விண்மீன்களைக் கொண்டு மவுண்டைச் சீரமையுங்கள். அவை ஒன்றுக்கொன்று மிக அருகில் இல்லாதிருந்தால் போதும். அஸ்டாப் போன்ற பிளேட் சோல்விங் மென்பொருளை ஷார்ப்கேப்போடு இணைத்திருந்தால், எடுத்த படத்தில் உள்ள விண்மீன்களை வைத்தே மவுண்ட் எங்கே பார்க்கிறது என்பதை அது கண்டறிந்து திருத்தும். ஒரு துண்டு வானம் மட்டுமே தெரியும் தொடர்மாடிவாசிகளுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. பின்னர் கிழக்கிலோ மேற்கிலோ 40 பாகையளவில் உள்ள ஒரு விண்மீன் கொத்துக்குச் சென்று, 10 செக்கன் படங்கள் அறுபதைத் தொடர்ந்து எடுங்கள்.

நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட படங்களில் விண்மீன்கள் வட்டமாக இருந்தால் அந்த மவுண்ட் உங்கள் வேலைக்குப் போதுமானது. மேலே எதையும் தேட வேண்டாம். எல்லாப் படங்களிலும் கோடுகள் ஒரே திசையில், ஒரே நீளத்தில் இருந்தால் மவுண்ட் தொடரவே இல்லை, அல்லது நேரமும் இடமும் செயலியில் தவறாகப் பதியப்பட்டுள்ளன: நேர வலயம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்று இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் புள்ளியாகவும் மூலைகளில் வளைந்தும் இருந்தால் அது புலச் சுழற்சி. இலக்கு உயர்ந்துவிட்டது, அல்லது வடக்கு தெற்காக விலகிவிட்டது. சில படங்கள் மட்டும் கெட்டு மற்றவை நன்றாக இருந்தால் காற்றையோ அதிர்வையோ சந்தேகியுங்கள். கோடுகள் சீரான இடைவெளியில் வந்து மறைந்தால் அது பற்சக்கரத்தின் பிழை. படத்தின் நேரத்தை 5 செக்கனாகக் குறைத்து, படங்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி மீண்டும் அதே கொத்தை எடுத்துப் பாருங்கள். அப்போதும் பாதிக்கு மேல் கெட்டால், விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் பேசிவிடுங்கள்.